லினக்ஸ் மடிக்கணினிக்கு நாலு மைக் மிக்சர்: கடற்கரையில் எது தாங்கும்?

பாசிக்கரை (தங்கச்சிமடம்)

வணக்கம். எங்கள் வாசகசாலையில் அம்பாப் பாட்டு (மீனவர்கள் வேலையின்போது பாடுவது) தெரிந்த பெரியவர்களையும் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களையும் உட்காரவைத்துப் பதிவு செய்யப் போகிறோம். ஒரே மேசை, நாலு பேர், நாலு மைக். சில நாள் வெளியூரிலிருந்து ஒருவர் போனில் கலந்துகொள்வார்.

கையில் இருப்பது நாலாம் தலைமுறை ஐ5 மடிக்கணினி, 8 ஜிபி ரேம், டெபியன் 12 லினக்ஸ். பதிவுக்கு ஆர்டோர், வெட்டி ஒட்ட ஆடாசிட்டி. விண்டோஸ் போடுவதாக இல்லை. பிள்ளைகள் கற்றுக்கொள்வதும் கட்டற்ற மென்பொருளிலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்துவிட்டோம். மிக்சருக்கு மட்டும் 25,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். மைக் இன்னும் வாங்கவில்லை.

ஆன்லைனில் "யுஎஸ்பி, ப்ளூடூத், 99 டிஎஸ்பி" என்று போட்டு 5,000 ரூபாய்க்குள் 8 சேனல் மிக்சர் கிடைக்கிறது. பெயர் பெற்ற நிறுவனத்தில் அதைவிட நாலைந்து மடங்கு விலை. எதற்காக அந்த வித்தியாசம்? லினக்ஸில் டிரைவர் தகராறு வருமா? நாலு குரலும் தனித்தனித் தடமாக வேண்டும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் இருமினால் இருமலை மட்டும் எடுக்க முடிய வேண்டும்.

கட்டடம் கரையிலிருந்து கூப்பிடு தூரம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சன்னலைத் திறக்க முடியாது. இரும்புப் பொருள் எது வைத்தாலும் சீக்கிரம் துருவேறிவிடும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர். இதையெல்லாம் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

---

ஆல்சா_அலை (மண்டபம்)

டிரைவர் கவலையை முதலில் தீர்த்துவிடலாம். யுஎஸ்பி வழியாக ஒலி எப்படிப் போக வேண்டும் என்பதற்குப் பொது விதிமுறை உண்டு. முதல் பதிப்பு 1998இல் வந்தது, இரண்டாவது 2006இல். இந்த விதிப்படி செய்த கருவியை "கிளாஸ் கம்ப்ளையன்ட்" என்பார்கள். லினக்ஸ் கெர்னலில் (அதன் மைய நிரல்) இதற்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது. செருகினால் போதும், எதையும் நிறுவ வேண்டாம். விண்டோஸோ இரண்டாம் பதிப்புக்கான டிரைவரை 2017இல்தான் தன்னோடு சேர்த்துத் தர ஆரம்பித்தது. அதனால்தான் பல நிறுவனங்கள் இன்றும் விண்டோஸ் டிரைவர் என்று ஒன்றைத் தருகின்றன. அதைப் பார்த்துவிட்டு லினக்ஸில் ஓடாது என்று ஒதுக்கிவிட வேண்டாம். "ஐபேடில் டிரைவர் இல்லாமல் வேலை செய்யும்" என்று கையேட்டில் ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பெரும்பாலும் நம்மிடமும் ஓடும்.

டிரைவரைவிடப் பெரிய வலை, பெட்டியின் மேல் இருக்கும் "யுஎஸ்பி" என்ற அந்த ஒரு சொல்தான். அது மூன்று வெவ்வேறு காரியங்களைக் குறிக்கும்.

சில மிக்சர்களில் அது வெறும் பென்டிரைவ் துளை. எம்பி3 பாட்டுப் போடலாம், சிலவற்றில் பென்டிரைவிலேயே பதியலாம். கணினியோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. நீங்கள் பார்த்த விலையில் வருபவற்றில் பல இந்த வகை. துளை தட்டையாக, பென்டிரைவ் செருகுகிற வடிவத்தில் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். கணினிக்கான துளை சதுரமாக, பிரிண்டர் கேபிள் செருகுவது போல இருக்கும். புதியவற்றில் சி வகை.

அடுத்தது, கணினிக்கு இரண்டே தடம் அனுப்புபவை. நாலு மைக், பத்து மைக், எத்தனை செருகினாலும் மிக்சர் கலந்து முடித்த இடது வலது மட்டும்தான் வரும். யமஹா எம்ஜி10எக்ஸ்யூ இப்படித்தான். நாலு மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பகுதி), 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் உண்டு, ஒலி சுத்தமாக இருக்கும், ஆனால் யுஎஸ்பியில் 2 உள்ளே, 2 வெளியே, அவ்வளவுதான். அதில் உங்கள் இருமலைப் பிரித்தெடுக்க முடியாது. சேனல் 1ஐ முழு இடப்பக்கமும் 2ஐ முழு வலப்பக்கமும் திருப்பிவிட்டால் இரண்டு குரலைத் தனியாக வாங்கலாம். மூன்றாவது ஆள் வந்ததும் அந்த வழி அடைபட்டுவிடும்.

உங்களுக்கு வேண்டியது மூன்றாம் வகை, சேனல்களைத் தனித்தனியாக அனுப்புவது. உங்கள் தேவைக்கு ஒத்தவை:

சவுண்ட்கிராஃப்ட் நோட்பேட்-12எஃப்எக்ஸ். நாலு மைக், கணினிக்கு நாலு தடம். எந்த சேனல் எந்தத் தடத்தில் வர வேண்டும் என்பதை மிக்சரின் மேல் இருக்கும் பொத்தானால் மாற்ற முடியாது, மென்பொருளால்தான் மாற்ற வேண்டும். நிறுவனம் அதை விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டும் தருகிறது. நமக்காக "சவுண்ட்கிராஃப்ட்-யூட்டில்ஸ்" என்று பைத்தானில் எழுதிய கட்டற்ற நிரல் இருக்கிறது. அதை நிறுவாமல் விட்டால் 3, 4ஆம் தடங்களில் கலந்த ஒலி வந்துகொண்டிருக்க, மிக்சர் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு.

ஆலன் அண்ட் ஹீத் ஸெட்-ஐ 10. இதிலும் கணினிக்கு நாலு தடம், திரும்ப வர நாலு, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை. ப்ரீஆம்ப் அருமையானது. உங்கள் தொகையை ஒட்டியோ கொஞ்சம் தாண்டியோ வரலாம், கடையில் அன்றைய விலையைக் கேளுங்கள்.

ஜூம் லைவ்டிராக் எல்-8. இது தொகையைத் தாண்டும். ஆனாலும் ஒரு காரணத்துக்காகச் சொல்கிறேன். இதில் எஸ்டி அட்டையிலேயே ஒவ்வொரு சேனலும் தனித் தடமாகப் பதிவாகும், கணினியே வேண்டாம். நாலு ஏஏ பேட்டரியிலும் ஓடும். படகுத்துறைக்கே எடுத்துப்போய்ப் பதிய வேண்டும் என்று என்றாவது தோன்றினால் இதை நினைவில் வையுங்கள்.

எதை வாங்கினாலும் கையேட்டின் கடைசியில் வரும் பிளாக் வரைபடத்தை முதலில் பாருங்கள். யுஎஸ்பிக்கு ஒலி எந்த இடத்தில் பிரிகிறது என்று அதில்தான் தெரியும். லெவல் குமிழுக்கு முன்னால் பிரிந்தால், மேசையில் யாராவது குமிழைத் திருப்பினாலும் பதிவு மாறாது, கெய்ன் (ப்ரீஆம்ப் பெருக்கும் அளவு) மட்டும்தான் பாதிக்கும். பின்னால் பிரிந்தால், கூடத்துக்கு ஒலியைக் குறைத்த உடனே பதிவிலும் குறைந்துவிடும். இந்த ஒரு விவரம் விளம்பரத்தில் வரவே வராது.

கடையில் சோதிப்பது சுலபம். உங்கள் மடிக்கணினியையே கொண்டுபோங்கள். மிக்சரைச் செருகி, டெர்மினலில் ஏரெக்கார்டு கட்டளைக்குப் பக்கத்தில் ஒரு கோடும் சின்ன எழுத்து எல்லும் போட்டால், கார்டு எண் காட்டும். அது 1 என்றால், ப்ராக் அடைவுக்குள் அசவுண்ட், அதற்குள் கார்டு1, அதற்குள் ஸ்ட்ரீம்0 என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். "கேப்சர்" என்ற தலைப்பின் கீழ் சேனல் எண்ணிக்கை, பிட், சாம்பிள் ரேட் எல்லாம் எழுதியிருக்கும். அங்கே 4 என்று இருந்தால் நாலு தடம். 2 என்று இருந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் இரண்டுதான்.

---

மின்கம்பி (ராமநாதபுரம்)

மேல அண்ணன் சொன்ன கம்ப்யூட்டர் விஷயம் சரி. நான் கரண்டையும் உப்பையும் சொல்றேன்.

மிக்சரையும் லேப்டாப்பையும் யுஎஸ்பியால சேர்த்த உடனே ரெண்டு கருவியோட எர்த்தும் ஒண்ணா சேந்துடும். ரெண்டும் வேற வேற பாயின்ட்ல செருகியிருந்தா நடுவுல 50 ஹெர்ட்ஸ் "ம்ம்ம்"னு உறுமும். கண்டுபிடிக்கிறது ஈஸி. லேப்டாப் சார்ஜரைப் புடுங்கிப் பாருங்க. உறுமல் உடனே நின்னா கிரவுண்ட் லூப். நிக்கலேன்னா மைக் கேபிள்ல ஷீல்டு அறுந்திருக்கு, இல்லேன்னா அடாப்டர் கேபிளும் மைக் கேபிளும் ஒட்டி ஓடுது. லூப்புக்கு மருந்து என்னன்னா, மிக்சர், லேப்டாப், ஸ்பீக்கர் எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல, எர்த் உள்ள மூணு பின் பாக்ஸ்ல குடுங்க. ஸ்பீக்கருக்குப் போற வயர் பேலன்ஸ்டு கேபிளா இருக்கட்டும். பதிவு ஓடும்போது லேப்டாப் பேட்டரியில ஓடட்டும்.

தயவுசெஞ்சு எர்த் பின்னை வெட்டிடாதீங்க. உறுமல் நிக்கும்தான், ஆனா அன்னைக்கு அடாப்டர்ல லீக் ஆச்சுன்னா மைக்கோட இரும்பு வலையில கரண்ட் இருக்கும். பாடுறவங்க உதட்டுக்கிட்ட வச்சிருக்கிற பொருள் அது.

யுஎஸ்பி ஐசொலேட்டர்னு ஒண்ணு விக்கிறாங்க, அதை நடுவுல போட்டா லூப் அறும்னு சொல்வாங்க. அறும். ஆனா விலை கம்மியா வர்றது 12 மெகாபிட் வேகம்தான் விடும். நாலு தடம் அனுப்புற மிக்சர் பலதும் 480 மெகாபிட் வேகத்துல பேசுறது. அதுல போட்டா கருவியே தெரியாது, இல்லேன்னா ரெண்டு தடமா சுருங்கிடும். ஐசொலேட்டர் வாங்குற காசுக்கு எர்த்தைச் சரி பண்ணுங்க. கரையோரத்துல எர்த் பைப் மண்ணுக்குள்ளயே துருப்பிடிச்சு அறுந்து போயிருக்கும், மேல பாக்க நல்லா இருக்கும். மல்டிமீட்டர்ல நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல ஏசி வோல்ட் பாருங்க. ஒண்ணு ரெண்டு வோல்ட் பரவாயில்ல. கூடப் போனா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை புதுசா போடுங்க, செம்பு பூசுன ராடு போடச் சொல்லுங்க.

இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவா, சைன் வேவான்னு பாருங்க. ஸ்கொயர் வேவ்னா ஃபேன் உறுமுற மாதிரியே மிக்சரும் உறுமும், அது எந்த ஃபில்டர்லயும் போகாது, ஏன்னா 50லருந்து மேல பல அலைவரிசையில பரவிக் கிடக்கும். சைன் வேவ்தான் வேணும். பின்னால யுபிஎஸ் மோட், நார்மல் மோட்னு சுவிட்ச் இருந்தா யுபிஎஸ் பக்கம் தள்ளி வைங்க. கரண்ட் மாறுற அந்தக் கண்ணிமைக்கிற நேரத்துல மிக்சர் அணைஞ்சு எரிஞ்சா, லேப்டாப்புக்கு கருவியைக் கழட்டி மாட்டுன மாதிரி. அந்த இடத்தோட பதிவு நின்னுடும்.

அடாப்டரைப் பத்தி ஒண்ணு. சின்ன மிக்சர் பலதுக்கு வர்றது சாதாரண 12 வோல்ட் டிசி அடாப்டர் இல்ல, ஏசி வெளிய விடுற, நடுமுனை உள்ள மூணு பின் அடாப்டர். தொலைஞ்சா நம்ம ஊருக் கடையில கிடைக்காது, கையில கிடைச்ச அடாப்டரைச் செருகினா மிக்சர் போயிடும். மிக்சர் பேரை அதுமேல எழுதி ஒட்டி வைங்க.

இப்ப உப்பு. மேல திறந்த நீளக் காடி வழியா ஏறி இறங்குற ஃபேடரைவிட, திருகுற குமிழ் உள்ள மிக்சர் நமக்கு நல்லது. காடி வழியா உப்புத் தூசியும் மணலும் நேரா கார்பன் பட்டையில விழுந்து கரகரன்னு கத்தும். நோட்பேட்லயும் எம்ஜி10எக்ஸ்யூலயும் குமிழ்தான், ஸெட்-ஐ 10ல ஃபேடர். நான் ஸெட்-ஐயைக் குறை சொல்லல, அதை எடுத்தா மூடி வைக்கிறதுல இன்னும் கவனம் வேணும், அவ்வளவுதான். வேலை முடிஞ்சு சூடு ஆறுன பிறகு பருத்தித் துணியால மூடி, ரப்பர் விளிம்பு வச்ச பிளாஸ்டிக் டப்பாக்குள்ள 200 கிராம் சிலிக்கா ஜெல்லோட வைங்க. சூடா இருக்கும்போதே பிளாஸ்டிக் கவரைப் போட்டு மூடினா உள்ள வேர்த்துக்கும், திறந்தே வச்சிருந்ததைவிட மோசம். ஜெல் நிறம் மாறுனா தனிச் சட்டியில வறுத்துத் திரும்பப் போடலாம். சமையல் சட்டியில வறுக்காதீங்க, நிறத்துக்குச் சேர்க்கிற உப்பு விஷம்.

குமிழ் கரகரன்னா எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே வாங்கி, கரண்டைப் புடுங்கிட்டு, தண்டு ஓரமா ஒரு சொட்டு அளவு அடிச்சு இருபது முப்பது தடவை முழுசா திருப்புங்க. துரு எடுக்குற எண்ணெய் ஸ்ப்ரே கூடவே கூடாது. உள்ள இருக்கிற கிரீஸைக் கரைச்சு, எண்ணெய்ப் படலத்தை விட்டுட்டுப் போகும், அதுல தூசி ஒட்டி ஒரு மாசத்துல முன்னைவிட மோசமாகும்.

மைக் வாங்கலேன்னு சொன்னீங்க. நாலும் டைனமிக் மைக்கா வாங்குங்க. கன்டென்சர் மைக் உள்ள மெல்லிசான தகடு ரெண்டுக்கு நடுவுல மின்சாரம் தேங்கி நிக்கணும். ஈர உப்புக்காத்து பட்டா அது கசியும், "டப் டப்"னு வெடிக்கும். மழை நாள்ல இதை மிக்சர் பழுதுன்னு நினைப்பாங்க. டைனமிக்குக்கு 48 வோல்ட் பாண்டம் (மிக்சர் மைக் கேபிள் வழியா அனுப்புற கரண்ட்) வேண்டாம், அணைச்சே வைங்க.

---

தொண்டி_துடுப்பு (தொண்டி)

மாற்றுக் கருத்து ஒன்று. உங்களுக்கு மிக்சர் தேவையா என்பதையே யோசியுங்கள். நாலு குரலைத் தனித்தனியாகக் கணினிக்குள் கொண்டுவருவதுதான் நோக்கம் என்றால் ஆடியோ இன்டர்ஃபேஸ் போதும். பெஹ்ரிங்கர் யூஎம்சி404எச்டி எடுத்துக்கொள்ளுங்கள். நாலு மைக் ப்ரீஆம்ப், நாலு தடம், கிளாஸ் கம்ப்ளையன்ட். கலப்பதெல்லாம் ஆர்டோரில் நடக்கும். திருகுவதற்குக் குமிழ் குறைவு என்பதால் உப்பு நுழைய இடமும் குறைவு. மிச்சமாகும் பணத்தில் நல்ல மைக் வாங்கலாம். பதிவின் தரத்தை மிக்சரைவிட மைக்கும் அது வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும்தான் முடிவு செய்கின்றன.

தூரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மைக் வாயிலிருந்து ஒரு சாண்தான் தள்ளி, நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில். பக்கத்து மைக் குறைந்தது அதைப்போல மூன்று மடங்கு தள்ளி. இந்த அளவு தவறினால் ஒருவர் குரல் இரண்டு மைக்கில் விழுந்து, கலக்கும்போது குழாய்க்குள் பேசுவது போல ஆகிவிடும். தனித்தடம் எடுத்தும் பயனில்லை, இருமல் எல்லாத் தடத்திலும் இருக்கும். வட்டமாக உட்காரவைத்தால் ஒவ்வொருவர் மைக்கின் முதுகும் எதிரே இருப்பவரைப் பார்க்கும், கார்டியாய்டு மைக் முதுகுப் பக்க ஒலியை வாங்காது. ஆனால் அம்பாப் பாட்டில் ஒருவர் எடுக்க மற்றவர் தொடுப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துத்தான் பாடுவார்கள். மைக்குக்காக அவர்களைத் திருப்பி உட்காரவைக்காதீர்கள். மைக்கை நகர்த்துங்கள்.

கூரை தகரமா கான்கிரீட்டா என்று சொல்லவில்லை. எதுவானாலும் சன்னலை மூடிய அறையில் எதிரொலி கூடும். சுவர் ஓரமாக இரண்டு கொடி கட்டி, கனமான போர்வைகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். சுவரில் ஒட்டித் தொங்கவிட்டால் மேல்சுருதி மட்டும் அடங்கும், ஆண் குரலின் இரைச்சல் அப்படியே நிற்கும்.

---

பாசிக்கரை (தங்கச்சிமடம்)

மூவருக்கும் நன்றி. கூரை கான்கிரீட். இன்வெர்ட்டர் சைன் வேவ்தான், பார்த்துவிட்டோம்.

இரண்டு விஷயம். நாலு தடம் தரும் கருவி ஒன்றைச் செருகிப் பார்த்தோம். ஸ்ட்ரீம்0 கோப்பில் 4 என்று சரியாகவே இருந்தது. ஆனால் ஒலி அமைப்பில் "அனலாக் சரவுண்ட் 4.0" என்று காட்டுகிறது. ஆடாசிட்டியில் 3ஆம் மைக்கைத் தட்டினால் சத்தம் வேறு தடத்திலும் லேசாகக் கேட்கிறது. இது எதனால்?

இன்னொன்று, போனில் பேசுபவரை உள்ளே கொண்டுவருவது. இன்டர்ஃபேஸ் எடுத்தால் அது முடியுமா?

---

ஆல்சா_அலை (மண்டபம்)

கருவியில் குறையில்லை. நாலு தடம் வந்ததும், லினக்ஸில் நிரல்களுக்கு ஒலியைப் பங்கிடும் பைப்வயர் அதைத் திரையரங்கு மாதிரி முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்று எடுத்துக்கொள்கிறது. நிரல் இரண்டு தடம் கேட்டால் நாலையும் கலந்து இரண்டாக்கித் தருகிறது, அதுதான் மற்ற தடத்தில் கேட்டது. பல்ஸ் ஆடியோ வால்யூம் கன்ட்ரோல் என்ற நிரலைத் திறந்து, கடைசிப் பக்கமான கான்ஃபிகரேஷனில் அந்தக் கருவிக்கு "ப்ரோ ஆடியோ" என்ற ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். தடங்களுக்குத் திசைப் பெயர் போய், எண் மட்டும் நிற்கும். கலப்பு நின்றுவிடும். ஆர்டோரில் பதிவதானால் ஆல்சாவை (கெர்னலின் ஒலி அமைப்பு) நேராகத் தேர்ந்தெடுப்பது இன்னும் சுத்தம், பைப்வயர் நடுவிலேயே வராது. அப்போது மற்ற நிரல்கள் அந்தக் கருவியைப் பயன்படுத்த முடியாது, உங்களுக்கு அது தேவையும் இல்லை.

48 கிலோஹெர்ட்ஸ் போதும், பேச்சுக்கும் பாட்டுக்கும் அதற்கு மேல் போவதால் வட்டு நிறைவதுதான் மிச்சம். ஆர்டோர் இயல்பாக 32 பிட் ஃப்ளோட்டில் எழுதும். ஒரு தடம் ஒரு மணிக்கு 691 எம்பி, நாலு தடம் 2.8 ஜிபி. 24 பிட்டுக்கு மாற்றினால் தடத்துக்கு 518 எம்பி, நாலுக்கு 2.1 ஜிபி. ஆர்டோர் தடத்துக்கு ஒரு கோப்பாக எழுதுவதால் வேவ் கோப்பின் 4 ஜிபி எல்லை உங்களைத் தொடாது. நாலையும் ஒரே கோப்பாக எழுதும் நிரல் என்றால் 32 பிட்டில் இரண்டு மணி நேரத்துக்குள் முட்டும்.

பஃபர் (கணினி ஒரு தடவையில் வாங்கும் ஒலித் துண்டின் அளவு) 1024 வையுங்கள். கணக்குப்படி 1024ஐ 48,000ஆல் வகுத்தால் 21 மில்லி நொடி. கணினி வழியாகத் தன் குரலைக் கேட்பவருக்கு அது எதிரொலியாகத் தோன்றும். ஆனால் மிக்சரின் ஹெட்போன் துளையிலிருந்து கேட்டால் கணினிக்குப் போகாமலே ஒலி வரும், தாமதமே இல்லை. மிக்சர் வைத்திருப்பவர் பஃபரைக் குறைக்கப் போராட வேண்டியதில்லை. 64, 128 என்று குறைத்து வைத்துக்கொண்டு பதிவில் "டிக்" சத்தம் வருகிறது என்று புலம்புவது தேவையில்லாத வேலை. அப்படியும் டிக் வந்தால் வைஃபையை அணைத்துப் பாருங்கள். மின்சாரம் சேமிக்கும் பவர்டாப் நிரலின் தானியங்கி வசதியை முடுக்கியிருந்தால் அது யுஎஸ்பியைத் தூங்கவைக்கும், அதை எடுத்துவிடுங்கள். மிக்சர் ஹப் வழியாக இல்லாமல் மடிக்கணினியில் நேராகச் செருகியிருக்க வேண்டும். கேபிள் 2 மீட்டர் போதும், 5 மீட்டரைத் தாண்டவே கூடாது.

கெய்ன் விஷயத்தில் ஒரே அளவுகோல்: ஆள் உரக்கப் பாடும் இடத்தில் ஆர்டோர் மீட்டர் மைனஸ் 12ஐத் தொட்டால் போதும். 24 பிட்டில் மேலே இடம் விட்டுப் பதிவதால் இழப்பில்லை, 0ஐத் தாண்டிச் சிதைந்ததைத் திருத்த வழியில்லை. அம்பாப் பாட்டில் தொடுப்பவர்கள் குரல் திடீரென எழும். ஒத்திகையில் வைத்த அளவிலிருந்து இன்னும் 6 டெசிபல் குறைத்து வையுங்கள்.

மிக்சரில் ஹைபாஸ் பொத்தான் இருந்தால் நாலு குரல் சேனலுக்கும் அழுத்தியே வையுங்கள். எம்ஜி10எக்ஸ்யூவில் அது 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும், மற்றவற்றிலும் அதை ஒட்டியே இருக்கும். கச்சான் சன்னலை ஆட்டும் அதிர்வும் மேசையில் கை படும் சத்தமும் பெரும்பாலும் அதற்குக் கீழேதான். ஆனால் காற்று நேராக மைக்கில் மோதினால் இந்தப் பொத்தான் காப்பாற்றாது. ஸ்பாஞ்சு தொப்பி அறைக்குள் போதும், கரையில் பதிய மயிர் உறை வேண்டும்.

இன்டர்ஃபேஸா மிக்சரா என்ற கேள்விக்கு: போன் இல்லை, கூடத்தில் ஸ்பீக்கர் இல்லை என்றால் தொண்டி நண்பர் சொன்னதுதான் சரி. போன் வேண்டும் என்றால் மிக்சர். போனில் இருப்பவருக்கு மேசையில் உள்ள எல்லோர் குரலும் போக வேண்டும், அவருடைய குரல் மட்டும் திரும்பிப் போகக் கூடாது. போனால் அரை நொடி கழித்துத் தன் குரலே கேட்டுப் பேச்சு தடுமாறும். மிக்சரில் இது ஆக்ஸ், அதாவது ஒவ்வொரு சேனலிலிருந்தும் வேண்டிய அளவு ஒலியைத் தனியாக வெளியே அனுப்பும் வழி மூலம் நடக்கும். நாலு மைக் சேனலின் ஆக்ஸ் குமிழையும் பாதிக்குத் திருப்புங்கள். போன் வரும் சேனலின் ஆக்ஸை முழுக்க மூடுங்கள். ஆக்ஸ் அவுட்டிலிருந்து போனுக்கு வயர். அதனால் வாங்கும் மிக்சரில் ஆக்ஸ் அவுட் துளை தனியாக இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். இன்டர்ஃபேஸிலும் ஆர்டோருக்குள் பஸ் (தடங்களைச் சேர்த்து அனுப்பும் தனி வழி) அமைத்து இதைச் செய்யலாம், ஆனால் பதிவு நடக்கும்போது கணினியைத் தொட்டு மாற்றுவது பிள்ளைகளுக்குச் சிரமம்.

---

மின்கம்பி (ராமநாதபுரம்)

போன் வயரை நானே சொல்லிடுறேன், கடையில கிடைக்கிற ரெடிமேட் வயர்ல முக்காவாசி இதுக்கு ஆகாது.

3.5 மில்லி நாலு முனை ஜாக் வாங்கிக்கங்க. நுனி இடது, அடுத்தது வலது, மூணாவது கிரவுண்ட், அடியில இருக்கிறது மைக். 3.5 மில்லி துளை உள்ள போன் எல்லாம் பெரும்பாலும் இந்த வரிசைதான். இடது, வலதை மிக்சரோட ஸ்டீரியோ லைன் சேனலுக்குக் குடுங்க.

ஆக்ஸ்லருந்து வர்றது லைன் லெவல், போன் மைக் எதிர்பாக்குறது அதுல நூறுல ஒரு பங்கு. நேரா குடுத்தா அந்தப் பக்கம் உடைஞ்சு கேக்கும். ஆக்ஸ் அவுட்லருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வரிசையா, அதுக்கப்புறம் 100 ஓம் கிரவுண்டுக்கு. இது 40 டெசிபல் குறைக்கும். இதோட நிறுத்தி போன்ல செருகினா என்ன ஆகும்னா, போன் மைக் முனையில டிசி எதிர்ப்பை அளந்து பாக்கும், ஆயிரம் ஓமுக்குக் கீழ இருந்தா ஹெட்செட் பட்டனை அழுத்திட்டாங்கன்னு எடுத்துக்கும். கால் கட்டாகும், இல்லேன்னா போன் தன்னோட சொந்த மைக்கையே வச்சுக்கும். அதனால 100 ஓமுக்கும் போனுக்கும் நடுவுல 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு, பிளஸ் முனை போன் பக்கம். போன் பக்கத்துல மைக் முனைக்கும் கிரவுண்டுக்கும் 2.2 கிலோ ஓம் ஒண்ணு. இப்ப போன் அதை நிஜ மைக்னு நம்பும். இந்த நாலு பொருளும் ஒரு சின்ன டப்பாக்குள்ள அடங்கும். தகர டப்பாவா இருந்தா இன்னும் நல்லது, உறுமல் புகாது.

பேசும்போது போனை சார்ஜ்ல போடாதீங்க, திரும்ப அந்த 50 ஹெர்ட்ஸ் கதைதான். போனை மிக்சர்லருந்து ரெண்டு அடி தள்ளி வைங்க, சிக்னல் கம்மியான இடத்துல போன் கூட சக்தியில பேசும், அது "ட்ர்ர் ட்ர்ர்"னு மைக் கேபிள்ல ஏறும்.

---

பாசிக்கரை (தங்கச்சிமடம்)

ப்ரோ ஆடியோ மாற்றியதும் நாலு தடமும் பிரிந்துவிட்டன. நோட்பேட்-12எஃப்எக்ஸ் என்று முடிவு செய்கிறோம். குமிழ், நாலு தடம், விலை மூன்றும் ஒத்துவருகிறது. நாலும் டைனமிக் மைக். மதுரைக்குப் போய்ச் செருகிப் பார்த்துத்தான் எடுப்போம். மைக்குக்கான எக்ஸ்எல்ஆர் கேபிள் எத்தனை மீட்டர், எதைப் பார்த்து வாங்குவது?

---

தொண்டி_துடுப்பு (தொண்டி)

மேசை நடுவில், மிக்சர் ஓரத்தில் என்றால் 5 மீட்டர் நாலு, உபரியாக ஒன்று. ஜாக்கின் பின்பக்க மூடியைத் திருகித் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். வார்த்து மூடியதென்றால் உள்ளே துருவேறி அறுந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான், திறக்க முடிந்தால் சால்டரிங் வைத்துச் சரிசெய்யலாம். மூன்று ஊசிகளும் தங்கமுலாம் பூசியதாக இருக்கட்டும். வாங்கும்போதே மூன்று ஊசிகளின் தொடர்பையும் மல்டிமீட்டரில் பாருங்கள்: 1க்கு 1, 2க்கு 2, 3க்கு 3. இரண்டு ஊசிகளுக்கு இடையே எங்கும் பீப் வரக் கூடாது. சில மலிவுக் கேபிள்களில் 1ஐயும் 3ஐயும் உள்ளேயே சேர்த்திருப்பார்கள். அதில் சத்தம் வரும், உறுமலும் சேர்ந்து வரும்.

---

ஆல்சா_அலை (மண்டபம்)

எடுத்து வந்ததும் முதலில் சவுண்ட்கிராஃப்ட்-யூட்டில்ஸ் நிறுவி, 3, 4ஆம் தடங்களுக்கு மைக் 3, 4ஐத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஒவ்வொரு மைக்காக விரலால் தட்டி, ஆர்டோரில் எந்தத் தடம் துள்ளுகிறது என்று எழுதி, மிக்சரின் மேலேயே ஒட்டிவிடுங்கள். யுஎஸ்பியிலிருந்து திரும்பி வரும் ஒலிக்கான குமிழைப் பதிவின்போது மூடியே வையுங்கள். அது திறந்திருந்து, ஆர்டோரிலும் கண்காணிப்பு ஓடிக்கொண்டிருந்தால், மிக்சரின் கலந்த ஒலியைப் பதியும் நாளில் ஒலி சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும்.